குலுங்காத ஜீப்

ரிடையரான ஸ்டேஷன் மாஸ்டரின் பல் செட்டு ஜீப்புக்குள்தான் எங்கேயோ கிடந்தது.

ஜம்புலிங்கம் சீட்டுக்கு அடியில் தலையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தான். ரோட்டோரம் நின்ற பெரியவர் வாயைத் துண்டால் மூடிக்கொண்டு திட்டினார். பல் இல்லாததால் என்ன திட்டு என்று புரியவில்லை. அது ஒரு வகையில் நல்லதாகப் போயிற்று.

"கெடைச்சிடுச்சு சார்! ஜாக்கி பக்கத்துல பத்திரமா கீது."

பெரியவர் அதை வாங்கி, துடைத்து, திரும்பி நின்று மாட்டிக்கொண்டார். இப்போது வார்த்தை தெளிவாக வந்தது.

"நாப்பது வருஷம் ரயில்வேல இருந்தவன்யா நான். கூட்ஸ் வண்டி தடம் புரண்டப்ப உள்ளே இருந்திருக்கேன். அதுகூட இப்படிக் குலுக்கல!"

அவர் நடந்தே வீட்டுக்குப் போனார். ஜம்புலிங்கம் தன் ஜீப்பைப் பார்த்தான். யுத்த காலத்து வண்டி. மிலிட்டரிக்காரன் வேண்டாமென்று தள்ளி, ஒரு கல் குவாரிக்காரர் வேண்டாமென்று தள்ளி, அவனிடம் வந்து சேர்ந்தது. பதினோரு வருஷமாகத் திருத்தணி ஸ்டேஷன் வாசலில் நிற்கிறது. அவனுக்கு அது பெற்ற பிள்ளை மாதிரி. பெற்ற பிள்ளையைப் பற்றி ஊரார் என்ன சொல்கிறார்கள் என்பது பெற்றவன் காதுக்குக் கடைசியில்தானே வரும்?

அந்த நேரம் பார்த்து பள்ளிப்பட்டு பஸ்ஸிலிருந்து எல்லப்பன் எட்டிப் பார்த்தான். ஜம்புலிங்கத்தின் பெண்டாட்டி மணியம்மைக்குத் தம்பி. மொகிலிக்குப்பத்தில் தறி போட்டிருக்கிறான்.

"பாவா! உன்னத்தான் தேடினு வந்தேன். வர்ற வியாழக்கெழமை வண்டிக்கு வேற சவாரி ஒத்துக்காதே."

"இன்னா விசேஷம்?"

"மெட்ராஸ்லருந்து பெரிய ஆபீசர் ஒருத்தர் ரயில்ல வராரு. அவர நம்மூருக்குக் கூட்டினு வரணும். நேத்து ஊர்ல கூட்டம் போட்டுப் பேசினோம். கூட்டினு வந்தா ஜம்புலிங்கம் வண்டியிலதான் கூட்டினு வரணும், வேற எந்த வண்டியும் ஆவாதுன்னு ஊரே ஒரே வாயா சொல்லிடுச்சு."

ஜம்புலிங்கத்துக்குக் காது சரியாகத்தான் கேட்கிறதா என்று சந்தேகம் வந்தது. "என் வண்டியா? ஸ்டேஷன்ல இன்னும் நாலு ஜீப்பு நிக்குது. ஒண்ணுல நுரை மெத்தை கூட கீதே?"

"அதெல்லாம் வாணாம். உன்னுதுதான். ஊருக்கு ஒரு பெரிய நல்லது நடக்கப்போவுது பாவா. எல்லாம் உன் வண்டி கையிலதான் கீது!"

கண்டக்டர் விசில் அடித்தார். பஸ் எல்லப்பனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது.

ஜம்புலிங்கம் அப்படியே நின்றான். இத்தனை வருஷத்தில் அவன் வண்டியைத் தேடி யாரும் வந்ததில்லை. மற்ற நாலும் போன பிறகு மிச்சமிருக்கிறவர்கள்தான் அதில் ஏறுவார்கள். இன்று ஒரு ஊரே கூடி அவன் வண்டியைத் தேர்ந்தெடுத்திருக்கிறது. மலைமேல் கோபுரத்தைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டான். கண் கலங்கிவிட்டது.

ஆபீசர் எதற்கு வருகிறார் என்று அவன் யோசிக்கவேயில்லை. நெசவாளிகள் ஊர், நூல் கோட்டா, சொசைட்டி என்று ஏதாவது இருக்கும். அவனுக்கு வேறு கவலை வந்துவிட்டது. ஆபீசருக்குப் பல் செட்டு இருந்தால்?

நேரே மெக்கானிக் பக்தவச்சலத்தின் ஷெட்டுக்கு வண்டியை விட்டான்.

பக்தவச்சலம் வண்டிக்கடியில் படுத்துப் பார்த்துவிட்டு, சாவு வீட்டில் பேசுகிற குரலில் பேசினார்.

"ஷாக் அப்சார்பர் நாலும் செத்துப் பல வருஷம் ஆச்சுப்பா. எண்ணெயெல்லாம் ஒழுகிப் போயி வெறும் குழாதான் தொங்குது. பள்ளத்துல உழுந்தா வண்டியத் தாங்குற கமான் பட்டை எகிறும். அந்த எகிறலைப் புடிச்சு நிறுத்துறதுதான் ஷாக் அப்சார்பர் வேலை. உன் வண்டில புடிக்க ஆள் இல்ல. அதான் ஒரு பள்ளத்துல உழுந்தா அடுத்த பள்ளம் வர்ற வரைக்கும் ஆடினே போவுது."

"புதுசு போடுங்க. வியாழக்கெழமை பெரிய ஆபீசர் ஏறப்போறாரு."

பக்தவச்சலம் உள்ளே போய், எண்ணெய்த்தாள் சுற்றிய ஒரு மரப்பெட்டியைத் தூக்கி வந்தார்.

"கெணறு தோண்டுற மிஷினோட வெள்ளைக்காரனுங்க வந்தாங்களே, அவங்க வண்டிக்குன்னு கொண்டாந்தது. ஏலத்துல எடுத்தேன். நாலு வருஷமா யாருக்கும் போட மனசு வரல."

தாளைப் பிரித்தார். சிவப்பு நிறத்தில் நாலு உருளைகள். அடியில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பித்தளை வளையம். வளையத்தைச் சுற்றி ஒன்று, இரண்டு, மூன்று என்று வெட்டியிருந்தது.

"இது சாதா சரக்கு இல்ல. வளையத்துல கீற ஓட்டையில ஆணியை வுட்டுத் திருப்பினா உள்ள எண்ணெய் போற வழி மாறும். ரோட்டுக்குத் தக்கன நாமளே வெச்சிக்கலாம்."

ஜம்புலிங்கம் ஒன்றை விரலால் தொட்டுப் பார்த்தான். இரும்புக்குள் எண்ணெய்க்கு வழி மாறுவதாம்! ஒரு வளையத்தைத் திருப்பினால் ரோடே வேறாகிவிடுமாம்! மனுஷன் இதையெல்லாம் யோசித்துச் செய்திருக்கிறானே என்று அவனுக்கு மயிர் சிலிர்த்தது.

"காசெல்லாம் வாணாம். உன் வூட்ல ஒரு ட்ரான்சிஸ்டர் பாடுமே, அதக் குடு. பாட்டு இல்லாம எனக்கு ஸ்பேனர் புடிக்கக் கை வரமாட்டேங்குது."

அந்த ட்ரான்சிஸ்டர் மணியம்மையுடையது. கல்யாணத்துக்கு அவள் பெரியப்பா கொடுத்தது. ஜம்புலிங்கம் அவள் குழாயடிக்குப் போயிருந்த நேரம் பார்த்து அதைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தான்.

ஞாயிற்றுக்கிழமை நாலும் ஏறின. நம்பர் ஏற ஏறச் சுகம் ஏறும் என்று பக்தவச்சலம் நம்பினார். அதனால் எல்லாவற்றையும் மூன்றில் வைத்தார். ஜம்புலிங்கம் வீட்டுக்கு வந்து, ரேடியோவைத் தேடிக்கொண்டிருந்த மணியம்மையை வண்டியில் ஏற்றினான்.

"மொதல்ல ஏறு. ஏறினப்புறம் திட்டு."

தெருமுனைக்குப் போவதற்குள் அவள் தலை மூன்று தடவை மேல்கம்பியில் இடித்தது. முன்பெல்லாம் வண்டி ஆடும், இப்போது அடித்தது. ரோட்டில் கிடந்த ஒவ்வொரு கல்லும் முதுகெலும்பில் வந்து பெயர் சொல்லிவிட்டுப் போயிற்று.

"இதுக்காய்யா என் ரேடியோவ வித்தே?"

"விக்கல. மாத்தினேன்."

அவள் இறங்கி நடந்தாள்.

திங்கட்கிழமை எல்லாவற்றையும் ஒன்றுக்குத் திருப்பினான். இப்போது வண்டி தொட்டில். ஆனால் ஆட்ட ஆரம்பித்தால் நிற்காத தொட்டில். பிரேக் போட்டால் பானட் தரையைத் தொட்டுக் கும்பிட்டது. எடுத்தால் பின்பக்கம் உட்கார்ந்தது. பஜார் வளைவில் திரும்பியபோது வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து, நிதானமாக யோசித்து, பிறகு நிமிர்ந்தது. பூக்கடைக்காரர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். "காலங்காத்தாலயே ஊத்திக்கினு ஓட்டுறான்!" என்றார் ஒருவர். அரக்கோணம் போக ஏறிய இரண்டு பேர் பாதி வழியில் இறங்கி வாந்தி எடுத்தார்கள்.

செவ்வாய்க்கிழமை முன்னால் ஒன்று, பின்னால் மூன்று என்று வைத்துப் பார்த்தான்.

"ஆகா! இன்னா சொகமா கீது!" என்று ஸ்டீரிங்கைப் பிடித்தபடி சொன்னான்.

பின்சீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தால் மணியம்மை சீட்டில் இல்லை, அந்தரத்தில் இருந்தாள். வந்து உட்கார்ந்ததும் சொன்னாள்: "ஆபீசரை உன் மடியில உக்கார வெச்சினு போ."

பக்தவச்சலம் கையை விரித்தார். "மிச்சம் ரெண்டுதான் கீது. அதுவும் ஆவலன்னா கழட்டிடலாம்."

"ரேடியோ?"

"அது நல்லாப் பாடுது."

புதன்கிழமை காலை நாலு வளையமும் இரண்டுக்கு வந்தன. மணியம்மை ஏறமாட்டேன் என்றாள். "இதான் கடைசி, மலை மேல ஆணை" என்று கெஞ்சி ஏற்றினான். அவள் கண்ணை இறுக மூடி, இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

ரயில்வே கேட் வந்தது. தண்டவாளங்களின் மேல் ஏறி இறங்கும்போது அந்த ஜீப்பில் வாய் திறந்து பேசியவன் கிடையாது, நாக்கைக் கடித்துக்கொள்வான். ஜம்புலிங்கம் பல்லைக் கடித்துத் தயாரானான்.

ஒன்றும் நடக்கவில்லை.

ஏதோ ஒரு பெரிய கை அடியிலிருந்து வண்டியை வாங்கி, அந்தப் பக்கம் மெல்ல வைத்த மாதிரி இருந்தது. ஜம்புலிங்கத்துக்கு நம்பிக்கை வரவில்லை. வண்டியை ஓரங்கட்டி, இறங்கி, திரும்பி நடந்து வந்து பார்த்தான். தண்டவாளம் அங்கேதான் இருந்தது. காலால் தட்டியும் பார்த்தான்.

"இன்னாய்யா தேடுறே?" என்றார் கேட்காரர்.

"இல்ல... தண்டவாளத்த எடுத்துட்டாங்களோன்னு பார்த்தேன்."

மணியம்மை கண்ணைத் திறந்தாள். ஜம்புலிங்கம் மறுபடி வண்டியை எடுத்தான். குண்டும் குழியுமான அதே ரோடு. வண்டி அடியில் சக்கரங்கள் ஏறுவதும் இறங்குவதும் தெரிந்தது, ஆனால் அது வேறு யாருக்கோ நடப்பது போல இருந்தது.

"யோவ்," என்றாள் மணியம்மை. குரல் இறங்கியிருந்தது. "மலையப் பாரு."

பார்த்தான். படிக்கட்டு, கோபுரம், அதற்கு மேலே ஒரு துண்டு மேகம். எல்லாம் வைத்த இடத்தில் இருந்தன. பதினோரு வருஷமாக அந்த வண்டியிலிருந்து அவன் பார்த்த மலை எப்போதும் கூத்தாடிக்கொண்டுதான் இருக்கும். போகிற வண்டியில் உட்கார்ந்துகொண்டு நிற்கிற மலையைப் பார்ப்பது அவனுக்கு இதுதான் முதல் தடவை.

"இந்த ரோட்ல இத்தினி புளியமரம் கீதா?" என்றாள். "நான் எங்க கண்ணத் தொறந்தேன், பார்க்க!" பிறகு தானாகவே சொன்னாள்: "ரேடியோ போனா போவுது வுடு."

ஆனால் குலுக்கல் போனதும் ஒரு புதுச் சங்கடம் வந்தது. சத்தம் கேட்க ஆரம்பித்தது. கதவு கடகடத்தது, டூல் பெட்டி கிலுகிலுத்தது, நம்பர் பிளேட் தாளம் போட்டது. இதுவரை அதையெல்லாம் கேட்கிற நிலைமையில் யாரும் இருந்ததில்லை. மணியம்மை தெருவிலிருந்த தறிக்காரர்களிடம் நூல் கழிவு ஒரு மூட்டை வாங்கிவந்தாள். இருவரும் சந்து சந்தாக அடைத்தார்கள். மிச்ச நூலில் அவளே ஒரு மெத்தை தைத்து முன்சீட்டில் போட்டாள்.

வியாழக்கிழமை காலை ரயிலில் ஆபீசர் வந்து இறங்கினார். பெயர் பாலசுப்பிரமணியன். ஒல்லியான மனுஷர். இடுப்பில் கை வைத்துக்கொண்டே நடந்தார். எல்லப்பன் ரோஜா மாலையோடு நின்றான். அவன் பக்கத்தில் அவனுடைய பெரியம்மா கௌரியம்மாள். மொகிலிக்குப்பத்தில் அவள் சொல்லுக்கு மறுசொல் இல்லை.

ஆபீசர் ஜீப்பை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "ஏம்பா, இதுவா? ஒம்போது நாளா டூர்ல இருக்கேன். இடுப்பு கழண்டு கெடக்கு."

"ஏறுங்க சார்," என்றான் ஜம்புலிங்கம் பணிவாக. "ஏறிப் பாருங்க."

பின்சீட்டில் ஏறிய எல்லப்பனும் கௌரியம்மாளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இருவர் முகத்திலும் ஒரு சந்தோஷம் இருந்தது. நம் வண்டியில் அத்தனை நம்பிக்கை என்று ஜம்புலிங்கம் பூரித்துப் போனான்.

பள்ளிப்பட்டு வரைக்கும் தார் ரோடு. அதைத் தாண்டினால் மொகிலிக்குப்பத்துக்கு ஆறு மைல். அந்த ஆறு மைலை ரோடு என்று சர்க்கார் சொல்லும், ஊர்க்காரர்கள் சொல்லமாட்டார்கள். மாட்டு வண்டியே யோசித்துத்தான் இறங்கும்.

ஜீப் இறங்கியது. ஜம்புலிங்கம் மூச்சைப் பிடித்துக்கொண்டான்.

ஏறியது, இறங்கியது, ஏறியது. வெண்ணெயில் கத்தி போவது மாதிரி போயிற்று. ஓடைப் பள்ளத்தில் இறங்கி ஏறியபோது ஆபீசரின் சட்டைப் பையிலிருந்த பேனாகூட அசையவில்லை. ஓரக்கண்ணால் பார்த்தான். ஆபீசரின் தலை மெல்லச் சாய்ந்தது. வாய் லேசாகத் திறந்தது. சன்னமான ஒரு குறட்டை வந்தது.

ஜம்புலிங்கத்துக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. தன் வண்டியில் ஒரு மனுஷன் தூங்குகிறார்! கல்யாண ஊர்வலத்தில் மாப்பிள்ளையை ஏற்றி ஓட்டுவது போல நெஞ்சை நிமிர்த்தி ஓட்டினான். பின்னால் எல்லப்பன் "பாவா... பாவா..." என்று தவிப்பாகக் கிசுகிசுத்தது காதில் விழுந்தது. பாராட்டத்தான் துடிக்கிறான் என்று நினைத்து, "ஸ்ஸ்! முழிச்சுக்கப் போறாரு" என்று அடக்கினான். கௌரியம்மாள் வேண்டுமென்றே நாலு தடவை இருமினாள். ஆபீசர் எழுந்திருக்கவில்லை.

மொகிலிக்குப்பத்தில் மேளச் சத்தத்துக்குத்தான் கண் விழித்தார். இறங்கி நின்று சோம்பல் முறித்தார். இடுப்பை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"முப்பது வருஷ சர்வீஸ்ல ஜீப்புல தூங்கினது இதான் மொதல் தடவை," என்றார். பிறகு பையிலிருந்து ஒரு தடித்த ஃபைலை எடுத்துப் புரட்டினார். குரல் மாறியது. "இந்த ரோட்டுக்கா பதினோரு மனு போட்டீங்க?"

ஜம்புலிங்கத்தின் சிரிப்பு பாதியில் நின்றது. "ரோட்டுக்கா?" என்றான்.

எல்லப்பன் ஆபீசர் முன்னால் ஓடி நின்றான்.

"சார், போன மழைக்குப் புள்ளத்தாச்சி ஒருத்தியத் தூளி கட்டி ஆறு மைல் தூக்கினு போனோம் சார். பஸ்ஸு வராது, லாரி வராது. பாவு நூல் தலைச்சுமையாத்தான் வருது..."

"இருக்கலாம்பா. ஆனா நான் தூங்கிட்டு வந்த ரோட்டுக்கு அவசரம்னு எப்படி எழுதுவேன்? மனசாட்சின்னு ஒண்ணு இல்லையா? இந்த வருஷம் ஒரே ஒரு ரோட்டுக்குத்தான் பணம் இருக்கு. இதைவிட மோசமானது எத்தனையோ கெடக்கு." ஃபைலில் ஒரு வரி எழுதினார். பிறகு மோர் குடிக்கச் சொசைட்டி கட்டடத்துக்குள் போனார்.

ஊரே ஜம்புலிங்கத்தைப் பார்த்தது. அந்தப் பார்வையில் மேளக்காரன்கூட வாசிப்பை நிறுத்திவிட்டான்.

ஜம்புலிங்கத்துக்கு வளையத்தின் மூன்றாம் நம்பர் ஞாபகம் வந்தது. ஆணியை எடுத்துக்கொண்டு வண்டிக்கடியில் பாய்ந்தான். நாலையும் மூன்றுக்குத் திருப்பினான். மெத்தையைத் தூக்கி எறிந்தான். அடைத்திருந்த நூலையெல்லாம் பிடுங்கினான்.

"கவலப்படாதே எல்லப்பா," என்று மூச்சிரைக்கச் சொன்னான். "திரும்பிப் போறப்ப காட்டுறேன் பாரு."

காட்டினான். ஆறு மைலில் ஒரு பள்ளத்தைக்கூட விடவில்லை. சிலவற்றைத் தேடிப் போய் விழுந்தான். ஆபீசரின் மூக்குக் கண்ணாடி ஒரு தடவை அவருடைய மடியிலும் ஒரு தடவை ஜம்புலிங்கத்தின் மடியிலும் கிடந்தது. கதவு கத்தியது, டூல் பெட்டி அலறியது. ஃபைல் பறந்துபோய் கௌரியம்மாளின் மேல் விழுந்தது. "ஐயோ... முருகா..." என்று ஆபீசர் ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரு தடவை கூப்பிட்டார். எல்லப்பனின் முகத்தில் உயிர் வந்தது.

திருத்தணி ஸ்டேஷனில் ஆபீசரைக் கைத்தாங்கலாக இறக்கினார்கள். தலைமயிர் நட்டுக்கொண்டு நின்றது. பிளாட்பார பெஞ்சில் உட்கார்ந்து, ஃபைலைத் திறந்து ஏதோ எழுதினார். மூன்று பேரும் கை கட்டி நின்றார்கள்.

"எழுதிட்டீங்களா சார்?" என்றான் ஜம்புலிங்கம்.

"எழுதிட்டேன். காலைல எழுதினப்ப கொஞ்சம் சந்தேகம் இருந்துச்சு, இப்ப தெளிவாயிடுச்சு." ஆபீசர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "அதே ரோடு, காலைல பாலா இருந்துச்சு. நாலு மணி நேரத்துல ரோடு கெட்டுப்போவுமா? கோளாறு உன் வண்டியிலப்பா. ரோடு தங்கம். மொதல்ல ஒரு நல்ல மெக்கானிக்கைப் பாரு."

மெட்ராஸ் ரயில் வந்தது. அவரை ஏற்றிக்கொண்டு போயிற்று.

ஜம்புலிங்கம் பெஞ்சில் சரிந்து உட்கார்ந்தான்.

"நல்லதுக்குத்தான் பண்ணேன் எல்லப்பா. ரோட்டு விஷயம்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா? அஞ்சு ஜீப்பு கீற எடத்துல ஊரே என் வண்டிய நம்பிக் கூப்பிடுதேன்னுதான், உங்க அக்கா ரேடியோவக்கூடக் குடுத்து..."

எல்லப்பன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டான். கௌரியம்மாள்தான் வந்து அவன் தோளில் கை வைத்தாள்.

"நம்பித்தான் நைனா கூப்ட்டோம். அஞ்சு ஜீப்புலயும் ஒரு மாசம் ஏறி எறங்கிப் பார்த்து, 'இதுல ஏத்தினா செத்த பொணம்கூட எழுந்து ரோடு போடச் சொல்லும்'னு இல்ல உன் வண்டியப் பொறுக்கினோம்!"